ரெண்டு குட்டை, ஒரு நெட்டை

விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. இரண்டாம் லைனில் நாலு பேர் குனிந்து நின்றார்கள். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியில் சிக்கிய குப்பையைக் கிளறிக் கூடையில் போட்டார்கள். காகிதக் கோப்பை, பால் உறை, ஒற்றைச் செருப்பு, மலம். இரும்பு வாரியில் சிக்காதது விரலில் சிக்கும். கையுறை உண்டு. விரல் நுனி தேய்ந்துபோன கையுறை. ஒரு கூடை நிரம்பினால் நடைமேடை விளிம்பில் தூக்கி வைத்துவிட்டு அடுத்த கூடை. பிளீச்சிங் பவுடர் கண்ணைக் கரித்தது.

நடைமேடை முனையில் விசில்காரி நின்றாள். வளைவைப் பார்ப்பது அவள் வேலை. வளைவில் விளக்குத் தெரிந்தால் ஊத வேண்டும். ஊதினால் கீழே இருக்கிறவர்கள் மேலே ஏற வேண்டும். பதினொரு வருஷமாக ஊதுகிறாள். பெற்ற தாயே ஒருமுறை அவளை விசில்காரி என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காவல் நிற்கிறவர் கையில் கொடியைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. அது விதி. அன்று அவள் கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது.

நிலையத்துக்கு நூறு வயது. ஐந்து நாளில் விழா. தூண்களுக்கு நேற்று வண்ணம் பூசியிருந்தார்கள். தரையெல்லாம் பெயிண்ட் துளி. மேஸ்திரி குழாயை நீட்டினார்.

"சும்மாதானே நிக்கிறே. இதையும் அடிச்சு விடு."

"சும்மா நிக்கல மேஸ்திரி. பாத்துட்டு நிக்கறேன்."

"பாக்கறது கண்ணு. கை என்ன பண்ணுது?"

அதற்கு ஒரு பதில் இருந்தது. பார்ப்பது கண் மட்டும் இல்லை, காதும்தான் என்று சொல்லியிருக்கலாம். காலங்கார்த்தாலே வாயாடுவானேன் என்று குழாயை வாங்கிக்கொண்டாள்.

எந்த வண்டி வந்தாலும் ஒரே நீள ஊதல், எல்லோரும் போட்டது போட்டபடி ஏற வேண்டும் என்பதுதான் ரயில்வே எழுதி வைத்தது. லைனில் எட்டுப் பேர், இரண்டு முனையிலும் காவல் என்று பத்துப் பேர் இருந்த காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். இப்போதைய காண்ட்ராக்டர் வந்ததும் பத்து ஐந்தானது. குப்பை ஐந்தாகவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஏறி இறங்கினால் வேலை முடியாது. முடியாவிட்டால் மேஸ்திரி வீட்டுக்கு விடமாட்டார்.

அப்போதுதான் விசில்காரி ஒரு வழி சொன்னாள்.

"நிக்கிற வண்டி தவழ்ந்துதான் வருது. அதுக்குக் கையில இருக்கிற கூடைய ரொப்பிட்டே ஏறலாம். நிக்காத வண்டிதான் எமன். நான் பிரிச்சு ஊதறேன். நிக்கிறதுக்கு ரெண்டு. நிக்காததுக்கு ஒண்ணே ஒண்ணு, நீளமா."

ஐந்து பேரும் தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து அதை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் மொட்டைதான் பெயர் வைத்தான். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. "என் குடும்பப் படம் மாதிரி இருக்கு" என்றான். அவன் மனைவி அவனைவிட ஒரு முழம் உயரம்.

மூன்று வருஷம் ஒரு பிசகும் இல்லை. எப்படிப் பிரிக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நிற்கிற வண்டி சிக்னல் கம்பத்தைத் தாண்டும்போது பிரேக் பிடிக்கும். மாடு முக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். நிற்காத வண்டி முக்காது. அவ்வளவுதான் வித்தை.

அன்று வளைவில் விளக்குத் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் தரையில் அறைந்துகொண்டிருந்தது. முக்கல் கேட்டதா, கேட்கவில்லையா? நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்திரண்டு. அது நிற்கிற வண்டியின் நேரம்.

ரெண்டு குட்டை ஊதினாள்.

ஆறு நிமிஷம் முன்னால் போயிருக்க வேண்டிய நிற்காத வண்டி அது. தாமதமாக வந்தது.

மூன்று பேருடைய கூடை நிரம்பியிருந்தது. அவர்கள் ஏறிவிட்டார்கள். நாலாவது ஆள் அண்ணி. அவள் கூடையில் இரண்டு கை பாக்கி. அதை அள்ளினாள். தண்டவாளம் அதிர்ந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்தாள். மொட்டை குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். கை வந்தது. உடம்பு வந்தது. இடது பாதம் வர நேரமாகிவிட்டது.

வண்டி போன பிறகும் குழாய் தரையில் கிடந்து தானாக ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்ட் துளி ஒன்றுகூடப் போகவில்லை.

*

அண்ணி என்றால் ஊர்முறைக்கு அண்ணி இல்லை. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. சந்தையில் மூட்டை தூக்கும் அண்ணனுக்கு இடுப்பு விட்டுப்போனபோது, விசில்காரிதான் அவளை அழைத்துவந்து வேலையில் சேர்த்தாள். "நான் மேல நிக்கறேன், உனக்கென்ன பயம்?" என்று சொல்லித்தான் அழைத்து வந்தாள். அந்த வார்த்தை இப்போது போகிற இடமெல்லாம் கூடவே வந்தது.

மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் வரச்சொல்லியிருந்தார். பயணிகள் கூடத்தில் காத்திருந்தாள். விழாவுக்காகச் சுவரில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். நிலையத்தின் வரலாறும் சேவைகளும். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு நூல் ஆலைக்காகத் திறந்த நிலையம். முதலில் ஒரு நடைமேடை, நாளுக்கு நாலு வண்டி. பிறகு மின்சார வண்டி வந்தது. இன்று நாலு லைன், இருநூற்றுப் பதினாலு வண்டி. அதில் முப்பத்தெட்டு நிற்பதில்லை. சேவைகள் என்ற தலைப்பின் கீழே நகரும் படிக்கட்டு, தானியங்கிச் சீட்டு, குடிநீர், நாள் முழுதும் தூய்மை.

அந்தக் கடைசி வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூய்மை தானாக வருவது போல எழுதியிருந்தார்கள், வெயில் வருவது போல.

நடுவில் ஒரு பழைய படம். நிலையத்தின் ஆட்கள் நாற்பத்தொரு பேர் மூன்று வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே அவரவர் வேலை எழுதியிருந்தது. சீட்டுக் கொடுப்பவர், விளக்கு ஏற்றுபவர், அறிவிப்பவர். ஓரத்தில் கொடிக்காரர் நாலு பேர். ஒரு கையில் சுருட்டிய கொடி. மறுகை வெறுங்கை. அந்த வெறுங்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மூடிக் கிடந்த சீட்டு அறைதான் காண்ட்ராக்டரின் அலுவலகம். மேஸ்திரியும் அங்கே நின்றார். மேஜைமேல் தட்டச்சு செய்த தாள் ஒன்று தயாராக இருந்தது. காண்ட்ராக்டரே படித்துக் காட்டினார்.

"காவல் பணியிலிருந்த நான், விதிக்குப் புறம்பாகத் தவறான விசில் கொடுத்தேன். அதனால் விபத்து நடந்தது. இதற்கு நானே முழுப் பொறுப்பு." நிமிர்ந்தார். "இதுல பொய் ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன யோசனை?"

"குழாய் இதுல இல்லையே சார்."

"குழாயா விசில் ஊதிச்சு?"

காண்ட்ராக்டர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு குட்டை, ஒரு நெட்டைன்னு ஏதோ சட்டம் வெச்சிருக்கீங்களாமே. யாரு போட்ட சட்டம் அது? ரயில்வேயா? நானா?"

"நான்தான் சார்."

"கேட்டீங்களா மேஸ்திரி? வாயாலயே சொல்லிடுச்சு."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா" என்றார் காண்ட்ராக்டர். குரல் இறங்கியது. "நீ கையெழுத்துப் போட்டா ஒருத்தியோட போச்சு. உன் அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் செலவ நானே பாத்துக்கறேன். போடலைன்னா விதிய மீறினது அஞ்சு பேரும். அஞ்சு பேரும் போகணும். கால் போனவளுக்கும் ஒண்ணும் கிடைக்காது. அவளும்தானே மீறினா."

பேனா அவள் கையில் இருந்தது. எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்று தூக்கம் வரும் என்று தோன்றியது. மூன்று நாளாக யாரும் அவளைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. யாராவது தண்டித்தால் தேவலை. இந்தத் தாள் தண்டிக்கும்.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்."

"படுத்துக் கிடக்கிறவகிட்ட என்னத்தக் கேக்கப் போறே? நாளைக் காலையில எனக்குத் தாள் வேணும்."

*

ஆஸ்பத்திரி வாசல்வரை மூன்று நாளும் போயிருந்தாள். வாசலோடு திரும்பியிருந்தாள். இன்று உள்ளே போனாள்.

வார்டு கதவருகே அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டான். அதுவே பெரிது.

"வாங்க நாத்தனாரே" என்றாள் அண்ணி. முகம் வற்றியிருந்தது, வாய் வற்றவில்லை. "மூணு நாளா ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துட்டுப் போறீங்களாம். வாட்ச்மேன் சொன்னான். கேட்டுக்கா விசில் ஊதறீங்க?"

போர்வை இடது பக்கம் சீக்கிரமே தட்டையாகிவிட்டிருந்தது. விசில்காரி வேறு எங்கேயாவது பார்க்க முயன்றாள். முடியவில்லை.

"அரிக்குது" என்றாள் அண்ணி. "இல்லாத கால்ல என்ன அரிப்புங்கறே? பெருவிரல்கிட்ட. கொசு கடிச்ச மாதிரி. எங்க போய்ச் சொறியறது?"

"என்னாலதான் அண்ணி."

இல்லை என்று அண்ணி சொல்வாள் என ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது.

"ஆமா" என்றாள் அண்ணி. "உன்னாலதான்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். விசில்காரி காண்ட்ராக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். தாளில் இருந்ததை வரி விடாமல் ஒப்பித்தாள். கையெழுத்துப் போடப் போவதாகவும் சொன்னாள்.

"அதுல என் கூடை இருக்கா?"

"எந்தக் கூடை?"

"ரெண்டு கை பாக்கி இருந்துச்சே, அந்தக் கூடை. மத்த மூணு பேரோடது ரொம்பிச்சு. என்னோடது ரொம்பல. எட்டுப் பேர் வேலைய நாலு பேர் பாக்கறோம். அது ஏன்னு இருக்கா?"

"இல்ல."

"மறுமுனையில நிக்க வேண்டிய ஆளு ஏன் இல்லைன்னு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது பொய் இல்ல. பாதி." அண்ணி தலையணையில் நிமிர முயன்று முடியாமல் சாய்ந்தாள். "எனக்கு உன்மேல கோவம் தீரல. தீருமான்னும் தெரியல. ராத்திரி உன்னைத் திட்டிட்டுத்தான் கண்ண மூடறேன். ஆனா அந்தக் கோவம் என்னோடது. அத எடுத்துட்டுப் போய் அவனுக்குக் குடையாப் பிடிக்க நீ யாருடி?"

மாலை வேலை முடிந்து மற்ற மூன்று பேரும் வந்தார்கள். மொட்டை, கண்ணாடிக்காரி, வாத்தியார். வாத்தியார் ஐந்தாவது தாண்டாதவர். லைனில் கிடக்கும் செய்தித்தாளை ஒன்றுவிடாமல் படிப்பதால் அந்தப் பெயர். மொட்டை பையிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக் கட்டிலடியில் வைத்தான். லைனோரம் கிடந்தவை, கழுவிக் கொண்டுவந்திருந்தான். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. ஒன்றைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று விழித்தான்.

"விடு" என்றாள் அண்ணி. "ஒண்ணு தேஞ்சா இன்னொண்ணு உதவாது, ரெண்டும் வேற வேற காலு. உன் மூளைக்கு உன் மொட்டைத் தலையே தேவலை."

மொட்டை சிரிக்கவில்லை. "அரை நொடி முன்னால இழுத்திருக்கணும்" என்றான். "கையில என் கூடை இருந்துச்சு. அதைக் கீழ வெச்சுட்டுத்தான் குனிஞ்சேன். போட்டிருக்கலாம். வெச்சேன்." அவன் இதைப் பல தடவை தனக்குள் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தைகள் தேய்ந்து வந்தன.

விசில்காரி அவனைப் பார்த்தாள். இந்த மூன்று நாளும் குற்றம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று வைத்திருந்தாள்.

"தாள் நாம எழுதுவோம்" என்றார் வாத்தியார். "உள்ளது உள்ளபடி. தப்பா ஊதினதையும் எழுதுவோம். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை அஞ்சு பேரும் பேசி வெச்சதையும் எழுதுவோம். ஏன் வெச்சோம்னும் எழுதுவோம். குழாயையும் எழுதுவோம்."

"எழுதிட்டு?" என்றாள் கண்ணாடிக்காரி. "நாளைக்கே அஞ்சு பேரும் வெளிய. என் வீட்டுல மூணு வாய் இருக்கு. அவதான் ஒப்புக்கறாளே, அவ போட்டுட்டுப் போகட்டுமே. நான் தப்பாச் சொல்லல."

"தப்பில்ல" என்றாள் விசில்காரி. "நான் போட்டுடறேன்."

"நீ சும்மா இரு" என்றார் வாத்தியார். கண்ணாடிக்காரி பக்கம் திரும்பினார். "இவ போயிட்டா நாளைக்கு வளைவப் பாக்கறது யாரு?"

"வேற ஆள் போடுவாங்க."

"கையில குழாயோட."

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு வளைவும் தெரியாது, வண்டியும் தெரியாது. காதில் விழும் விசிலை நம்பித்தான் ஏறி இறங்குகிறாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வாத்தியார் எழுதினார். அரைப் பக்கம்தான் வந்தது. இரண்டு முனையிலும் காவல் வேண்டும், காவல்காரர் கை வெறுங்கையாக இருக்க வேண்டும், அதுவரை லைனில் இறங்கமாட்டோம் என்று முடித்தார். அண்ணி முதலில் போட்டாள். படுத்தபடி போட்டதால் எழுத்து மேல்நோக்கி ஏறியது. விசில்காரி, வாத்தியார், மொட்டை. கடைசியாகக் கண்ணாடிக்காரி தாளை மூக்கருகே பிடித்துப் படித்தாள். "என் பேர்ல ஒரு கால் விட்டுட்டீங்க" என்று சொல்லி, அதைத் திருத்தி, கையெழுத்துப் போட்டாள்.

*

காலை நாலு பேரும் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. லைனில் ஒரு நாள் குப்பை. மேலே ஒலிபெருக்கியில் எங்கோ தலைமையகத்தில் பதிவு செய்த குரல் சொன்னது: நூறாண்டு காணும் இந்நிலையம் தங்களை அன்புடன் வரவேற்கிறது.

பெஞ்சில் ஐந்தாம் இடம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தான். தங்கையைப் பார்க்கவில்லை.

காண்ட்ராக்டர் தாளை நின்றபடியே படித்தார்.

"ஒரு தலை போதும்னேன். அஞ்சு தலையும் கொண்டுவந்து நீட்டறீங்க."

"தலை இல்ல சார்" என்றான் மொட்டை. "கால்லேருந்து ஆரம்பிச்சிருக்கோம்."

"எத்தனை நாள் உக்காருவீங்க?"

"பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. விழாவுக்குப் புதுசாப் போட்டது."

காண்ட்ராக்டர் கையைக் காட்டினார். வெளியே வேனிலிருந்து ஆறு பேர் இறங்கி வந்தார்கள். புது ஆட்கள். வேறு நிலையத்திலிருந்து அழைத்து வந்திருக்க வேண்டும். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தும் பாராமலும் கூடையை எடுத்துக்கொண்டு லைனில் இறங்கினார்கள். முன்னால் இறங்கியவள் வயிற்றுப்பிள்ளைக்காரி. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"முடிஞ்சுது நம்ம கதை" என்று கண்ணாடிக்காரி முணுமுணுத்தாள்.

விசில்காரி முனையைப் பார்த்தாள். மேஸ்திரி நின்றார். ஒரு கையில் கொடி. மறுகையில் கைப்பேசி, காண்ட்ராக்டர் ஏதோ கேட்க, அதைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளைவில் விளக்குத் தெரிந்தது.

அவள் எழுந்துவிட்டாள். காதைக் கொடுத்தாள். சிக்னல் கம்பம். முக்கல் இல்லை.

விசில் அவள் கழுத்தில்தான் கிடந்தது. அன்றைக்குப் பிறகு வாயில் வைக்கவில்லை. ஊதினால் காண்ட்ராக்டரின் வேலை குறையில்லாமல் நடக்கும். ஊதாவிட்டால் என்று அவள் யோசிக்கவில்லை.

ஒரு நெட்டை. மூச்சு தீரும்வரை ஊதினாள்.

ஆறு பேரும் கூடையைப் போட்டார்கள். மொட்டை விளிம்புக்கு ஓடி வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தூக்கினான். வாத்தியார் ஒருவன் கையைப் பிடித்தார். இடுப்பு விட்டுப்போன அண்ணன் தரையில் படுத்துக்கொண்டு இரண்டு கையையும் கீழே நீட்டினான். வண்டி வந்தது. ஒரு கூடையை நசுக்கிக்கொண்டு, நிற்காமல் போயிற்று.

சத்தம் அடங்கியதும் காண்ட்ராக்டரின் குரல் கேட்டது.

"உனக்குத்தான் இங்க வேலை இல்லையே. நீ ஏன் ஊதறே?"

"வண்டிக்குத் தெரியாது சார், யாரு யாரோட ஆளுன்னு."

வயிற்றுப்பிள்ளைக்காரி தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மேஸ்திரியைப் பார்த்தாள். "நீங்கதானே காவல்னு சொன்னாங்க?"

மேஸ்திரி கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

"இறங்குங்க, இறங்குங்க" என்றார் காண்ட்ராக்டர். "நாளைக்கு விழா."

யாரும் எழவில்லை.

"அந்த அக்கா நின்னா இறங்கறோம்" என்றாள் வயிற்றுப்பிள்ளைக்காரி.

காண்ட்ராக்டர் விசில்காரியைப் பார்த்தார். "சரி. நில்லு. அப்புறம் பேசிக்கலாம்."

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. "நான் இந்த முனை. அந்த முனைக்கு இன்னொரு ஆள் வேணும் சார். எழுதியே குடுத்திருக்கோம்."

"முடியாது."

"அப்ப இவங்க இறங்கமாட்டாங்க."

சொன்ன பிறகுதான் 'இவங்க' என்று சொன்னது அவள் காதுக்கே எட்டியது. புது ஆட்கள் ஆறு பேரும் விளிம்பைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரி பெஞ்சில் நகர்ந்து கர்ப்பிணிக்கு இடம் கொடுத்தாள். காண்ட்ராக்டர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு படியேறிப் போனார். யாரை அழைக்கிறார் என்று தெரியவில்லை. இன்னொரு வேனாக இருக்கலாம். போலீசாக இருக்கலாம்.

மொட்டை யாரும் சொல்லாமலே எழுந்தான். நடைமேடையின் மறுமுனைவரை நடந்து போய் நின்றான். தூரத்தில் அவன் தலை மட்டும் மினுங்கியது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

விசில்காரி தன் முனைக்குப் போனாள். விசிலின் தகர ருசி நாக்கில் இருந்தது. துப்பினாள், போகவில்லை. போகாது என்று அவளுக்குத் தெரியும். பின்னால் காலடி கேட்டது. அண்ணன். அவள் பக்கத்தில் நில்லாமல் நாலடி தள்ளி நின்று வளைவைப் பார்த்தான்.

"எந்த சத்தம்?" என்று கேட்டான். நாலு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு.

"மாடு முக்கற மாதிரி வரும் அண்ணா. கம்பத்துகிட்ட."

இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். லைனில் யாரும் இல்லை. ஐந்து நாற்பத்திரண்டு வண்டி வளைவில் திரும்பியது. கம்பத்தைத் தாண்டியது. முக்கியது.

அவள் ஒரு நெட்டை ஊதினாள். இனி எந்த வண்டிக்கும் அதுதான்.